மஞ்சள் கயிறு தொடாத இடம்

அந்த வருஷம் மாரியம்மன் எங்கள் வீட்டுக்கு மூன்று தடவை வந்தாள் என்றுதான் நாங்கள் நம்பினோம்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் என் வீட்டுக்காரர் ஃபிட்டர். எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துப் பிறந்த பெண் குழந்தைக்கு அப்போது ஒன்றேகால் வயது. நான் ஐந்தாவது வரை படித்தவள். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து, மஞ்சள் பூசி, அம்மனுக்கு விளக்கேற்றாமல் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டேன். எனக்குத் தெரிந்த பெரிய படிப்பு அதுதான்.

முதலில் வாயில் புண் வந்தது. சூடு என்று மோர் குடித்தேன். பிறகு மார்பில் நாலைந்து கொப்புளம், நீர் கோத்துக்கொண்டு, தொட்டால் உடையும்படி. பார்த்தவுடன் வீட்டில் தாளிப்பதை நிறுத்தினோம். வாசலில் வேப்பிலை சொருகினோம். என் வீட்டுக்காரர் மீசையைக்கூடத் திருத்தவில்லை. பத்து நாளில் கொஞ்சம் அடங்கியது. தலைக்குத் தண்ணீர் ஊற்றி, கூழ் காய்ச்சி ஊற்றினோம். ஒரு மாதம் கழித்து மறுபடியும் வந்தது. மறுபடியும் வேப்பிலை, மறுபடியும் தண்ணீர். மூன்றாம் தடவை கொப்புளங்கள் பெரிதாக வந்தன. உடைந்த இடம் ஆறவே இல்லை. புடவை ஒட்டிக்கொண்டது, பிரித்தால் தோலும் கூடவே வந்தது.

பக்கத்து வீட்டு அம்மாள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. வாசலிலேயே நின்று ஒரு தட்டில் இட்லியை வைத்துவிட்டுச் சொன்னாள்: “நான் சொல்லுதேன்னு வருத்தப்படாதிய. அம்மன் ஒரே ஆளுகிட்ட மூணு வாட்டி வரமாட்டா. இது வேற என்னமோ.”

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து குழாயடியில் என் குடம் மட்டும் தனியாக நின்றது. பெருநோயோ என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அந்த வாரமே பட்டாபிராமிலிருந்து என் நாத்தனார் வந்தார். என் வீட்டுக்காரருக்கு மூத்தவர், எனக்குத் தாலி கட்டும்போது பின்னால் நின்று முடிச்சுப் போட்டவர். உள்ளே வந்து என்னைப் பார்த்தார். பிறகு தூளியில் இருந்த குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

“ஒட்டுவாரொட்டி இல்லன்னு டாக்டரு ஒரு கடுதாசில எழுதித் தரட்டும். அன்னிக்கே கொண்டாந்து உட்டுட்றேன். அதுவரிக்கும் புள்ள எங்க ஊட்ல இருக்கட்டும்.”

“அண்ணி, அது இன்னும் பால் குடிக்குது” என்றேன்.

“அதத்தான் நானும் பாக்குறேன். எங்க வாய வச்சிக் குடிக்குது பாரு.”

கொப்புளங்கள் மார்பில்தான் இருந்தன. குழந்தைக்கு ஒரு பழக்கம்: பால் குடிக்கும்போதும் தூங்கப் போகும்போதும் என் தாலிக்கயிற்றைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பும். அன்றைக்கும் நாத்தனார் இடுப்பில் இருந்தபடி என் கழுத்தைப் பார்த்துக் கையை நீட்டியது. நாத்தனார் திரும்பி நடந்துவிட்டார். நான்கு நாளில் எனக்குப் பால் கட்டி, காய்ச்சல் வந்து, வற்றியும் போய்விட்டது.

தொழிற்சாலை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுச் சீட்டு எழுதி, மெட்ராஸில் பெரிய ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு டாக்டரம்மா. என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். கொப்புளத்தின் ஓரத்தை விரலால் மெல்லத் தள்ளினார். தோல் வழுக்கி நகர்ந்தது. அவர் முகம் மாறியதைக் கவனித்தேன்.

“இது அம்மை இல்லைன்னுதான் நினைக்கிறேன். ஆனா நினைச்சா போதாது. இந்த நோய்னா கொடுக்க வேண்டிய மாத்திரை ரொம்பக் கடுமையானது. வேற நோயா இருந்து அதைக் கொடுத்தா ஆபத்து. அதனால தோல்ல பட்டாணி அளவு ஒரு துண்டு எடுத்து, அதுல ஒரு பொருள் இருக்கான்னு பார்க்கணும்.”

“ஒட்டுவாரொட்டியா டாக்டரம்மா?” எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

“அதையும் அந்தத் துண்டுதான் சொல்லணும். வெள்ளிக்கிழமை வாங்க. வரும்போது உடம்புல பவுடர், எண்ணெய், மருந்து எதுவும் போடக் கூடாது.”

வெள்ளிக்கிழமை விடியற்காலை எழுந்து குளித்தேன். பவுடர் போடவில்லை. எண்ணெய் வைக்கவில்லை. கொப்புளத்துக்கு வழக்கமாக வைக்கும் வேப்பிலை அரைப்பைக்கூட வைக்கவில்லை. அம்மனிடம், குழந்தையைத் திருப்பிக் கொடு தாயே என்று மட்டும் கேட்டுக்கொண்டு கிளம்பினேன். மார்பில் ஒரு கொப்புளத்தின் ஓரமாக ஊசி போட்டு மரக்க வைத்து, துண்டு எடுத்தார்கள். ஐஸ் வைத்த டப்பாவில் அதைக் கொண்டு போனார்கள். அடுத்த வாரம் வரச் சொன்னார்கள்.

அடுத்த வாரம் நான் ஒரு பையில் குழந்தையின் கவுனை எடுத்து வைத்துக்கொண்டேன். டாக்டரம்மா கடுதாசி எழுதிக் கொடுத்தால் சென்ட்ரலில் ஏறி நேராகப் பட்டாபிராமில் இறங்கி, அதே கையோடு அழைத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று எண்ணம். என் வீட்டுக்காரர் பையைப் பார்த்தார். போக வர டிக்கெட் எடுத்தபோது ஆவடியைத் தாண்டிப் பட்டாபிராம் வரைக்கும் எடுத்தார்.

டாக்டரம்மா எங்களை உட்கார வைத்தார். அவருக்கும் குழப்பம் என்று தெரிந்தது.

“முதல்ல நாங்க இன்னா பண்றோம்னு சொல்லிடறேன்” என்று எங்கள் பாஷையிலேயே ஆரம்பித்துச் சிரித்துவிட்டு, பிறகு அவர் பாஷைக்குப் போனார். “நம்ம ரத்தத்துல காவல் காக்கிற புரதம் ஒண்ணு இருக்கு. வெளியே இருந்து கிருமி வந்தா அதைப் போய்ப் பிடிச்சுக்கும். சில பேருக்கு அது தன்னோட தோலையே திருடன்னு நினைச்சுப் பிடிச்சுக்குது. அப்ப தோல் விட்டுப் போய்க் கொப்புளம் ஆகுது.”

“அப்ப கேட்ல நிக்கிற செக்யூரிட்டி சொந்த ஆளையே புடிச்சி உள்ள போட்டுட்டான்னு சொல்லுங்க” என்றார் என் வீட்டுக்காரர்.

“அதேதான். ஆனா அந்தக் காவல்காரன் தோல்ல இருக்கானா இல்லையான்னு சும்மா பார்த்தா தெரியாது. அதுக்கு ஒரு வழி இருக்கு. மனுஷ ரத்தத்துல இருக்கிற அந்தப் புரதத்தை ஒரு ஆட்டுக்கு ஊசி போடுவாங்க. ஆட்டு உடம்புக்கு அது அந்நியம். உடனே அதைத் தேடிப் பிடிக்கிற எதிர்ப்பொருளை ஆடு உண்டாக்கும். ஆட்டு ரத்தத்துல இருந்து அதைப் பிரிச்சு, பச்சையா ஒளிர்ற ஒரு சாயத்தை அதோட கட்டி வச்சிருக்காங்க. உங்க தோலை வெங்காயச் சருகைவிட மெல்லிசா சீவி, அது மேல இதை ஊத்திட்டுக் கழுவுவோம். மனுஷப் புரதம் எங்க இருக்கோ அங்க மட்டும் ஒட்டிக்கிட்டு நிக்கும். மீதி கழுவிப் போயிடும். அப்புறம் நீல வெளிச்சத்துல பார்த்தா, ஒட்டின இடம் பச்சையாத் தெரியும்.”

எனக்கு ஆட்டில் நின்றுவிட்டது புத்தி. ஏனென்றால் நாத்தனார் எனக்காக அம்மனுக்கு ஒரு ஆடு வேண்டிக்கொண்டிருந்தார். “அந்த ஆட்ட வெட்டிட்டாங்களா?” என்று கேட்டேன்.

“இல்லம்மா. அது எங்கேயோ வெளிநாட்டுல புல்லு தின்னுட்டு உயிரோட இருக்கும். அப்பப்போ கழுத்துல இருந்து கொஞ்சம் ரத்தம் எடுப்பாங்க, அவ்வளவுதான்.” பிறகு பெருமூச்சு விட்டார். “பிரச்சினை என்னன்னா, உங்க துண்டு மொத்தமும் எரியுது. ஒரு கோடு, ஒரு இடம்னு இல்லாம, எல்லாமே. இன்னொண்ணு, அதுல ஒரு சீவலுக்கு நாங்க ஆட்டு மருந்தே ஊத்தலை, ஒப்பிட்டுப் பார்க்க சும்மா வச்சிருந்தோம். அதுவும் எரியுது. அப்ப வெளிச்சம் எங்க மருந்துல இருந்து வரலை. உங்க தோல்லயே ஏதோ இருக்கு. எதையாவது தடவினீங்களா?”

“ஒண்ணும் தடவல டாக்டரம்மா.”

“பவுடர்?”

“இல்ல.”

“எண்ணெய்? நாட்டு மருந்து?”

“அம்மன் மேல சத்தியமா இல்ல.”

பொய் சொல்லவில்லை நான். டாக்டரம்மாவின் கண் என் பாதத்தில் நின்றது. அன்றைக்கும் வெள்ளிக்கிழமை. எழுந்து, “இப்படி வாங்க” என்று ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப் போனார். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டிருந்தது. கதவைச் சாத்தி, தேமலும் படையும் பார்க்கிற ஒரு கைவிளக்கைப் போட்டார். ஊதாவாக, வெளிச்சமா இல்லையா என்று தெரியாத ஒரு வெளிச்சம். அதை என் பாதத்துக்கு நேராகப் பிடித்தார்.

என் பாதம் எரிந்தது. மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு தணல் மாதிரி, விரல் விரலாக, நகக்கண் உட்பட. விளக்கு மேலே வந்தது. முழங்கையும் முகமும் எரிந்தன. கழுத்தில் தாலிக்கயிறு மட்டும் தனியாக ஒரு நெருப்புக் கோடாக நின்றது. இருட்டில் என் வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். விளக்கு அவர் பக்கம் திரும்பியதும் கையைக் கீழே போட்டுவிட்டார்.

“மஞ்சள் பூசிக் குளிச்சீங்களா?” டாக்டரம்மா மெதுவாகத்தான் கேட்டார்.

“குளிச்சேன். வெள்ளிக்கிழமையாச்சே.”

“அன்னிக்கு?”

“அன்னிக்கும்தான்.”

“நான்தான் கேட்டேனேம்மா, எதுவும் தடவினீங்களான்னு.”

“மஞ்சள் தடவறது இல்ல டாக்டரம்மா, குளிக்கிறது.”

அவர் கோபிப்பார் என்று பயந்தேன். விளக்கை அணைத்துவிட்டு இருட்டிலேயே சிரித்துவிட்டார். “தப்பு என்னோடது. நானும் இந்த ஊர்க்காரிதான். எங்க அம்மாவும் மஞ்சள் பூசித்தான் குளிப்பாங்க. எனக்குக் கேட்கத் தோணலையே.”

மஞ்சளுக்கும் அந்த வெளிச்சத்தில் ஒளி உண்டாம். ஆட்டின் பச்சையையும் மஞ்சளின் பச்சையையும் பிரித்துப் பார்க்க வழியில்லை. பத்து நாள் மஞ்சளே படாமல், சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்தால், வேறு இடத்தில் இன்னொரு துண்டு எடுக்கலாம் என்றார். “மார்புல வேண்டாம். அந்தக் கயிறு உரசுது. முதுகுல எடுப்போம்.”

“கயித்த...” என்றேன்.

“கழற்ற வேண்டாம். அது தொடாத இடமாப் பார்த்து எடுத்துக்கலாம்.”

“குங்குமம்?”

“நெத்தியில இருந்துட்டுப் போகட்டும்.”

“கொழம்புல மஞ்சத்தூளு போடலாமா?”

“சாப்பிடலாம். அரைக்கிற கையால முதுகைத் தொடாதீங்க.”

திரும்பி வரும்போது பட்டாபிராம் வரைக்கும் டிக்கெட் இருந்தது. ஆவடியில் இறங்கிவிட்டோம். கவுன் பையிலேயே இருந்தது.

அந்தப் பத்து நாளை நான் எப்படிச் சொல்வது? அடுத்த வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு வந்து அம்மன் படத்துக்கு முன்னால் நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது. வெறும் சோப்பு வாசனையோடு, புருஷன் இருக்கும்போதே இல்லாதவள் மாதிரி. இதில் வேறொன்றும் இருந்தது, அதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை. இது அம்மை இல்லை என்று டாக்டரம்மா சொன்னது எனக்குச் சந்தோஷமாக இல்லை. அம்மன் என் உடம்பில் வந்து இறங்கியிருக்கிறாள், விளையாடிவிட்டுப் போவாள் என்று நினைத்துத்தான் அந்த எரிச்சலையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். அவள் வரவே இல்லை என்றால், மூன்று மாதமாக நான் யாரோடு பேசிக்கொண்டிருந்தேன்? நோயைவிட அந்தக் கேள்வி வலித்தது. படத்துக்கு முன்னால் நின்று, தாயே, பத்து நாளைக்கு என்னைப் பார்க்காதே, அப்புறம் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு விளக்கை மட்டும் ஏற்றினேன்.

நடுவில் ஒரு நாள் நாத்தனார் வந்தார், குழந்தை இல்லாமல். வாசலில் நின்றபடி என் முகத்தையும் காலையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இன்னாமே இது, மூஞ்சி வெளுத்து, காலு வெளுத்து? எந்தம்பி உசுரோடதான கீறான்?”

உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். “உசுரோடதான் கீறேங்க்கா. அம்மியில மசாலா அரைச்சிகினு கீறேன். வந்து பாரு.”

நாத்தனார் எட்டிப் பார்த்தார். என் கையில் மஞ்சள் படக்கூடாது என்று பத்து நாளும் என் வீட்டுக்காரர்தான் அரைத்தார். உள்ளங்கை இரண்டும் மஞ்சளாக, பனியனெல்லாம் மிளகாயாக உட்கார்ந்திருந்தார்.

“தூ, ஆம்பளையாடா நீ?”

“ஆம்பளதான். உன் தம்பி பொண்டாட்டிக்குப் பதிலா நான் மஞ்ச பூசிகினு கீறேன்.”

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “புள்ள நல்லாத்தான் கீது. இப்பல்லாம் என்னியே அம்மான்னு கூப்புடுது” என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். சொன்ன பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, சீக்கிரமே கிளம்பிப் போனார்.

இரண்டாம் தடவை, முதுகில் இடது தோள்பட்டைக்குக் கீழே புதிதாக வந்திருந்த கொப்புளத்தின் ஓரத்தில் எடுத்தார்கள். குப்புறப் படுக்கச் சொன்னார்கள். கயிறு பின்னால் போய்ப் படுமோ என்று எனக்குப் பயம். இன்னொரு பத்து நாள் என்னால் முடியாது. கயிற்றை முன்னால் இழுத்து உதட்டில் கவ்விக்கொண்டேன். வாய்ப் புண்ணில் பட்டு எரிந்தது. விடவில்லை.

நான்காம் நாள் டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டு, பக்கத்து அறையில் ஒரு மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் என்னை உட்கார வைத்தார். முதலில் ஒரு கண்ணாடி. “இது மருந்து ஊத்தாத சீவல்.” ஒன்றும் தெரியவில்லை, கறுப்பு. இருட்டு அவ்வளவு நிம்மதி தரும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பிறகு அடுத்த கண்ணாடியை வைத்தார்.

கறுப்பில் ஒரு வலை. பச்சைக் கோட்டில் பின்னிய மீன் வலை மாதிரி, ஒவ்வொரு கண்ணும் தனித்தனியாக, அறுபடாமல். அவ்வளவு சுத்தமாக நான் ஒரு கோலம்கூடப் போட்டதில்லை.

“ஒவ்வொரு கட்டமும் உங்க தோல்ல ஒரு உயிரணு. அதைச் சுத்தி உங்க ரத்தத்தோட காவல்காரன் நிக்கிறான். அவன் மேல ஆடு கொடுத்த மருந்து ஒட்டியிருக்கு” என்றார் டாக்டரம்மா. “இது உங்க உடம்புக்குள்ளேயே நடக்கிற சண்டை. வெளியே இருந்து வரலை, வெளியே போகவும் போகாது.”

“ஒட்டுவாரொட்டி?”

“இல்லவே இல்லை.”

என் வீட்டுக்காரர்தான் கேட்டார். “அத கடுதாசில எழுதிக் குடுங்க டாக்டரம்மா. தமிழ்ல. எங்க அக்காவுக்குப் படிச்சிக் காட்டணும்.”

அவர் ஆஸ்பத்திரிச் சீட்டில் கொட்டை எழுத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஆனால் என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை. அன்றைக்கே வார்டில் சேர்த்தார்கள். மாத்திரை கடுமையானதுதான். ஐந்து வாரம் இருந்தேன். புதுக் கொப்புளம் வருவது நின்றது, பழையது ஆறியது. இந்த நோய் போகாது, அடங்கித்தான் இருக்கும், மாத்திரையை நானாக நிறுத்தக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். மாத்திரையில் முகம் பூரி மாதிரி உப்பிவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் எனக்கே நான் வேறு யாரோ.

சென்ட்ரலில் ஏறிப் பட்டாபிராமில் இறங்கினோம். நாத்தனார் வீட்டு வாசலில் குழந்தை ஒரு ஈயக் கிண்ணத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. நன்றாக நடந்தது. என்னைப் பார்த்ததும் கிண்ணத்தைப் போட்டுவிட்டு நாத்தனாரின் புடவைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. கூப்பிட்டேன். எட்டிப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தது. கவுனைக் காட்டினேன். அது சின்னதாகிப் போயிருந்தது.

“உடு, தானா வரும்” என்றார் என் வீட்டுக்காரர். அவர் குரலும் சரியாக இல்லை.

கடுதாசியை அக்காவுக்குப் படித்துக் காட்டினார். பிறகு சோறு தின்றோம். குழந்தை நாத்தனார் மடியிலேயே இருந்தது. நாத்தனார் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு என் கழுத்தைக் கவனித்தார். ஆஸ்பத்திரிச் சோப்பில் கயிறு வெளுத்து நூலாகிப் போயிருந்தது. உள்ளே போய், மஞ்சளை உரைத்து ஒரு புதுக் கயிற்றில் தடவிக் கொண்டுவந்தார்.

“டாக்டரு பூசலாம்னு சொல்ட்டாங்களா?”

“சொல்ட்டாங்க அண்ணி. புண்ணு மேல மட்டும் வேணாமாம்.”

கிழக்கு முகமாக உட்கார வைத்தார். தாலியைப் புதுக் கயிற்றில் கோத்து, கல்யாணத்தன்று நின்ற மாதிரியே பின்னால் நின்று முடிச்சுப் போட்டார். போடும்போது அவர் விரல் என் முதுகில், துண்டு எடுத்த தழும்பின் மேல் பட்டது. அந்தக் கையை எடுக்கவில்லை, கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தார்.

“ஆடு வேண்டிகினு கீறேனே, ஆடியில வெட்டிடலாமா?” என்று கேட்டார்.

“வெட்ட வேணாம் அண்ணி. கோயிலுக்கு நேர்ந்து உட்டுடலாம். உசுரோட திரியட்டும்.” ஏன் என்று அவர் கேட்கவில்லை. முத்தாபுதுப்பேட்டை அம்மன் கோயிலில் அந்த ஆடு பல வருஷம் வாழைப்பழத்தோல் தின்றுகொண்டு திரிந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம், முகம் தெரியாத அந்த இன்னொரு ஆட்டையும் நல்லபடியாக வைத்திரு தாயே என்று நினைத்துக்கொள்வேன். இன்றும் வெள்ளிக்கிழமை விளக்கில் அதற்கு ஒரு வேண்டுதல் உண்டு. அம்மன் என் உடம்பில் வந்தாளா இல்லையா என்று மட்டும் நான் இப்போது கேட்பதில்லை. அந்த இருட்டறையில் கை கூப்பினவரிடம் கேட்டால் அவர் ஒரு பதில் சொல்லுவார்.

அன்று மத்தியானம் களைப்பில் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தேன். மடியில் ஏதோ கனமாக ஏறியது. கண்ணைத் திறக்கவில்லை, பயம். ஒரு சின்னக் கை என் முகத்தைத் தடவி, கன்னத்தை அழுத்திப் பார்த்து, அங்கே ஒன்றும் கிடைக்காமல் கீழே இறங்கியது. கழுத்தில் தேடியது. கயிற்றைப் பிடித்து இழுத்தது. பிறகு அந்தப் பழைய சத்தம், சப்புகிற சத்தம்.

“பாருடா, கண்டுபுடிச்சிகிச்சு” என்றார் நாத்தனார்.

கண்ணைத் திறந்தபோது குழந்தையின் வாயெல்லாம் மஞ்சள். எச்சில் என் கழுத்து வழியாக மார்பில், ஆறிய தழும்பின் மேல், வழிந்துகொண்டிருந்தது. நான் துடைக்கவில்லை.